புதரை வெட்டினால் பாம்பு போய்விடுமா?

பட்டினப்பாக்கம் பக்கம் அடையாற்று முகத்துவாரப் புதர்களை ஒட்ட வெட்டச் சொல்கிறார் நண்பர். "பாம்பு பார்க்கணும்னா கிண்டிப் பாம்புப் பண்ணைக்குப் போங்களேன்" என்று எனக்கும் ஒரு குத்து.

போயிருக்கிறேன், ஐயா. கண்ணாடிக்குப் பின்னால் சுருண்டு கிடப்பது வேறு. கரையோர எலிவளைக்குள் தலையை விட்டு, பாதி உடம்பை வெளியே போட்டிருக்கும் சாரையைப் பத்தடி தள்ளி நின்று பார்ப்பது வேறு. வால் மட்டும் லேசாக நெளிந்தது. பிறகு அதுவும் உள்ளே போய்விட்டது.

சாரைக்கு விஷமில்லை. புதரை வெட்டிவிட்டுக் குப்பையை அப்படியே விட்டால் எலி உங்கள் வீட்டுக்கு வரும். பின்னாலேயே நல்ல பாம்பும் வரலாம்.

தேடிப் போவது பைத்தியக்காரத்தனமாம். புழுதித் தடத்தையும் உரித்த சட்டையையும் வைத்தே பாம்பைக் கண்டுபிடிப்பவர்கள் இருளர்கள். விஷமுறிவு மருந்துக்கான நஞ்சைப் பல ஆண்டுகளாகத் தருவது 1978-இல் தொடங்கிய அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம். அந்தப் 'பைத்தியக்காரர்களில்' இருவருக்கு, வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும், 2023-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பாம்பு பிடிக்க அவர்களுக்கு அனுமதி உண்டு, எனக்கில்லை. அதனால் நான் தொடுவதில்லை, கம்பால் கிளறுவதுமில்லை.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். இருட்டில் டார்ச் இல்லாமல், ரப்பர் செருப்போடு அங்கே திரிகிறவர்களை நானும் திட்டுவேன். கட்டுவிரியன் ராத்திரியில்தான் உலவும். அதற்குப் புதர் என்ன செய்யும்?