வார்ப்புச் சொல் எல்லாம் வெற்றுச் சொல்லா? ஆஸ்திரேலியப் போர்க்கால மரண அறிவிப்புகளை வாசிப்பது குறித்து

நீண்ட பதிவு. நினைவாய்வுத் துறையில் உழல்வோருக்கும் அதற்குள் நுழையவிருக்கும் மாணவர்களுக்குமாக எழுதுகிறேன்.

முதல் உலகப் போரில் மாண்ட ஆஸ்திரேலியச் சிப்பாய்களுக்காக அவர்தம் குடும்பத்தார் நாளேடுகளில் வெளியிட்ட மரண அறிவிப்புகளையும் ஆண்டு நினைவஞ்சலிகளையும் பற்றி நம் கருத்தரங்குகளில் ஒரு கருத்து நிலைபெற்று வருகிறது. அவை யாவும் ஒரே அச்சில் வார்த்த சொற்களாம். பேரரசு கற்பித்ததை மக்கள் அழுகையினூடே ஒப்பித்தார்களாம். இதற்கு இப்போது எண்களும் துணைக்கு அழைக்கப்படுகின்றன. ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ட்ரோவ் தளத்தில் ‘கடமை’, ‘தியாகம்’, ‘மன்னர்’ ஆகிய பொருள்படும் சொற்களைத் தேடி, ஆண்டுவாரியாக ஒரு வரைபடம் தீட்டி, அதற்குத் தேசப்பற்றின் உள்வாங்கல் என்று தலைப்பிட்டுவிட்டால் கட்டுரை முடிந்தது. இம்முறை சோம்பேறித்தனமானது என்பது என் முதற்குற்றச்சாட்டு. இறந்தோருக்கும் அவர்களை இழந்தோருக்கும் இது அநீதி இழைக்கிறது என்பது இரண்டாவது.

அந்த அறிவிப்பு எதன் இடத்தில் நின்றது என்பதை முதலில் கேட்க வேண்டும். 1914-இல் ஆஸ்திரேலியாவின் மக்கள்தொகை 50 இலட்சத்துக்கும் குறைவு. அதில் 4 இலட்சத்துக்கு மேற்பட்டோர் படையில் சேர்ந்தனர். 60,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். மாண்டவர் உடலைத் தாயகம் கொணரலாகாது என்பது பேரரசின் கொள்கை. 1917-இல் அமைந்த பேரரசுப் போர்க் கல்லறை ஆணையமும் அதையே கடைப்பிடித்தது. காலிபோலியில் காயமுற்று 1915 மே மாதம் இறந்த ஜெனரல் பிரிட்ஜஸின் உடல் மட்டும் அக்காலத்தில் நாடு திரும்பியது. அதன்பின் அப்போரிலிருந்து ஓர் உடல் வந்து சேர்ந்தது 1993-இல். அது பெயர் அறியப்படாத ஒரு சிப்பாயினுடையது.

ஆகவே சவப்பெட்டி இல்லை, சவ ஊர்வலம் இல்லை, சுற்றத்தார் கூடி நின்று மண்ணிட ஒரு குழி இல்லை. மரணச் செய்தியைப் பெரும்பாலும் ஊர்ப் பாதிரியார் கொண்டுவந்தார். அவர் தெருவில் நடந்து வருவதே வீட்டிலிருந்தோர்க்கு நடுக்கம் தந்தது. அயல்மண்ணில் எழும் கல்லறைக் கல்லில் பொறிக்கக் குடும்பத்தார் ஒரு வாசகம் தரலாம் என்றது ஆணையம். அதற்கு வைத்த எல்லை, சொல்லிடைவெளிகளையும் சேர்த்து 66 எழுத்துகள். எழுத்தொன்றுக்கு மூன்றரைப் பென்னி கட்டணமும் தொடக்கத்தில் கேட்கப்பட்டது. உடல் அடையாளம் காணப்பட்டவர்களுக்குத்தான் அதுவும். கல்லறை அறியப்படாத 6,000-க்கு மேற்பட்ட ஆஸ்திரேலியரின் பெயர்களைத் தாங்கிய மெனின் வாயில் 1927-இல்தான் திறக்கப்பட்டது. 10,000-க்கு மேற்பட்ட பெயர்களைத் தாங்கிய வில்லேர்-பிரெத்தோனோ நினைவுச் சின்னம் 1938-இல். இடையில் ஊர்தோறும் நினைவுத் தூண்கள் எழுந்தன என்பது உண்மையே. ஆயினும் மகனின் பெயரும், இறந்த நாளும், அழுகிறவளின் பெயரும் ஒருங்கே அச்சேறி நின்ற இடம் நாளேட்டின் அந்தக் குறுகிய பத்தியே. அது காசு கொடுத்து வாங்கிய இடம்; ஆண்டுதோறும் அதே நாளில் மீண்டும் வாங்கப்பட்ட இடம்.

சொற்களை எண்ணுவோர் கையொப்பங்களை வாசிப்பதில்லை. இறந்த சிப்பாயின் பதக்கங்களும் நினைவுத் தகடும் யாரைச் சேரும் என்பதற்குப் படைத்துறை ஒரு வரிசை வைத்திருந்தது: மனைவி, மக்கள், அதன்பின் தந்தை, அவரும் இல்லாவிடில் தாய். ஆஸ்திரேலிய தேசிய ஆவணக் காப்பகம் இணையத்தில் திறந்து வைத்திருக்கும் சிப்பாய்க் கோப்புகளைப் புரட்டுங்கள். தன் நெருங்கிய உறவாக மகனே தாயின் பெயரைத்தான் எழுதிக்கொடுத்துச் சென்றிருந்தாலும், அவன் தந்தை இன்னும் உயிருடன் இருக்கிறாரா என்று அத்தாயையே வினவி அலுவலகம் விடுத்த கடிதங்கள் திரும்பத் திரும்ப எதிர்ப்படும். குடும்பத்தைக் கைவிட்டுப் போன கணவனைப் பற்றி அவள் பதில் எழுத வேண்டும். எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அதே பெண் நாளேட்டுக்குச் சென்றால் அவளை யாரும் இக்கேள்வி கேட்கவில்லை. அவளே முதலில் நிற்கிறாள். அடுத்தடுத்துச் சகோதரிகள், தோழர்கள், உடன் வேலை செய்தோர், அவன் குடியிருந்த விடுதியின் உரிமையாளர் எனத் தனித்தனி அறிவிப்புகள். மணம் பேசி முடித்திருந்த பெண்ணுக்குப் படைத்துறை வரிசையில் இடமே கிடையாது. இங்கோ அவள் தன் பெயரிலேயே துக்கம் கொண்டாடுகிறாள். ஒரே மனிதனுக்கு ஒரே நாளில் வெளியான நான்கு அறிவிப்புகளில் ‘கடமை’ என்ற சொல் நான்கு முறை வருகிறது என்று கணக்கிடுபவர், யார் யாருக்கு அடுத்து நிற்கிறார்கள் என்பதைத் தவறவிடுகிறார். துக்கப்படும் உரிமை யாருக்கு என்று ஒரு சமூகம் தனக்குள் நடத்திய வழக்கு அங்கேதான் பதிவாகியிருக்கிறது.

வார்ப்புச் சொற்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஒரே நான்கடிச் செய்யுள் சிற்சில மாற்றங்களோடு பல பெயர்களின் கீழ் வருவதை எவரும் காணலாம். ஆனால் வார்ப்பிலிருந்து பொய்மைக்குத் தாவுவது எந்தத் தருக்கம்? ஒப்பாரியின் அடிகள் ஊர்ப் பொதுச்சொத்து. அதனால் ஒப்பாரி வைப்பவளின் துயரம் இரவல் என்று சொல்லத் தமிழ்த்துறையில் எவரும் துணியமாட்டார். ஆங்கிலத்தில் அச்சானால் மட்டும் நம் கோட்பாட்டுக் கூர்மை விழித்துக்கொள்கிறது!

இனி, ‘கடமை’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். கட்டாயப் படைச்சேர்க்கை குறித்து ஆஸ்திரேலிய மக்களிடம் இருமுறை வாக்கெடுப்பு நடந்தது: 1916 அக்டோபர் 28, 1917 டிசம்பர் 20. பெருநகர நாளேடுகளுள் பெரும்பாலானவை அதை ஆதரித்து முழங்கின. இருமுறையும் தோற்றது. அதாவது, தலையங்கம் ஒன்றைச் சொல்ல, அதே தாளை வாங்கிப் படித்தோரில் பலர் வேறொன்றை வாக்குப்பெட்டியில் இட்டனர். பெண்களும் வாக்களித்தனர் என்பதை மறவாதீர். இறந்த மகனுக்குக் ‘கடமை’ என்று எழுதிய தாய், இருக்கும் மகனை அனுப்ப மாட்டேன் என்று வாக்களித்திருக்கக் கூடும். அச்சொல் அவள் வாயில் பேரரசுக்கான இசைவா, மகனின் சாவு வீணாகிவிடக் கூடாதே என்ற தவிப்பா, 1914-ஆம் ஆண்டின் போர் முன்னெச்சரிக்கைச் சட்டத் தணிக்கைக்குக் கட்டுப்பட்ட ஓர் ஏட்டில் அச்சேறக்கூடிய சொல் என்பதால் தேர்ந்ததா? எந்த வரைபடமும் விடை தராது.

முறையியல் குறித்து ஒரு சொல். இவ்வறிவிப்புகள் பொடியெழுத்தில், நெருக்கிக் கோத்த பத்திகளில் அச்சானவை. எழுத்துணரி மென்பொருள் தடுமாறுவது இங்கேதான். வசதியுள்ள குடும்பம் பல ஆண்டுகள், பல ஏடுகளில் வெளியிடும். ஏழைக் குடும்பம் ஒருமுறை, இரண்டு வரி. நிகழ்வெண்ணிக்கை எடுப்பவர் முன்னவரைப் பன்முறை எண்ணிப் பின்னவரை மறக்கிறார். ஜாய் தமூசி, டான்யா லக்கின்ஸ், பாட் ஜாலண்ட் ஆகியோர் ஆஸ்திரேலியத் துயரத்தை நுணுகி வாசித்துக் காட்டிய நூல்கள் வெளிவந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆகின்றன. மேற்கோள் பட்டியலில் அவை இடம்பெறுகின்றன, வாதத்தில் இடம்பெறுவதில்லை.

எதிர்முகாமையும் விட்டுவைக்க முடியாது. இதே அறிவிப்புகளைத் தேசம் பிறந்ததற்கான சான்றிதழாக மேடையேற்றுவோர் ஆஸ்திரேலியாவில் உண்டு. போர் நினைவகத்தை விரிவாக்க 2018-இல் அந்நாட்டரசு அறிவித்த தொகை ஏறத்தாழ 50 கோடி ஆஸ்திரேலிய டாலர். அறிவிப்புகளையே பாதுகாத்து உலகுக்கு இலவசமாக அளிக்கும் ட்ரோவ், 2023-இல் மூடப்படும் அச்சத்தில் தத்தளித்து, நான்காண்டுகளுக்கு 3.3 கோடி டாலர் பெற்றுத் தப்பியது. அந்த நினைவகத்தின் மாண்டோர் பட்டியல் முதல் உலகப் போரைப் பொறுத்தவரை 1921 மார்ச் 31-உடன் முடிகிறது. அதற்குப் பின் புண்ணாலும் நச்சுப்புகையாலும் இருமி இறந்தவருக்கு அதில் இடமில்லை. குடும்பங்கள் அந்தத் தேதியை ஏற்கவில்லை. 1920கள், 1930களின் மரண அறிவிப்புகளில் படைப்பிரிவின் பெயர் இறந்தவரின் பெயரோடு ஒட்டியே வருகிறது. அரசின் கணக்கோடு மக்கள் உடன்படாத இந்த இடத்தை ‘உள்வாங்கல்’ ஆய்வாளரும் காணவில்லை, தேசப்பற்றாளரும் காணவில்லை.

இந்தியாவில் இருந்துகொண்டு இதற்கு ஏன் இவ்வளவு சினம் என்று கேட்பீர்கள். காலிபோலியில் ஆஸ்திரேலியருக்குப் பக்கத்திலேயே இந்திய மலைப் பீரங்கிப் படையினர் நின்றனர். அவர்களைப் பற்றிப் பீட்டர் ஸ்டான்லி 2015-இல் தனிநூல் எழுதினார். போரில் மாண்ட இந்தியர் ஏறத்தாழ 74,000 பேர். மெசொப்பொத்தேமியாவில் மாண்டு கல்லறை அறியப்படாதோருக்காக எழுந்த பஸ்ரா நினைவுச் சின்னத்தில் பிரித்தானியரின் பெயர்கள் உண்டு, இந்திய அதிகாரிகளின் பெயர்கள் உண்டு. சாதாரண இந்தியச் சிப்பாய்களுக்குப் படைப்பிரிவுவாரியாக எண்ணிக்கை மட்டும். கல்லறை ஆணையமே 2021-இல் வெளியிட்ட அறிக்கையில் இத்தகைய பாகுபாட்டை ஒப்புக்கொண்டது. ஒரு வரி விளம்பரம் வாங்கிப் பெயரை மீட்கும் வாய்ப்பு அவர்களின் தாய்மாருக்கு இருந்ததா? எண்ணிக்கையாக்கப்பட்டோரின் நாட்டிலிருந்து வரும் நாம், பெயரோடு அழ முடிந்தவர்களின் அழுகையையும் எண்ணிக்கையாக்கித் தருவதுதான் பின்காலனியத் திறனாய்வு என்றால், அத்திறனாய்வு எனக்கு வேண்டாம்.

மாணவ நண்பர்களுக்கு: ட்ரோவில் ‘குடும்ப அறிவிப்புகள்’ என்று தனி வகையே உண்டு. சொல்லைத் தேடாமல் ஒரு பெயரைத் தேடுங்கள். 1916 ஜூலை 19 இரவு ஃபுரோமெல் களத்தில் காணாமற்போன யாரேனும் ஒருவர் பெயராக இருக்கட்டும். அவர் இறந்தார் என்று எப்போது ஏற்கிறார்கள், அப்பெயரின் கீழ் யார் யார் கையொப்பமிடுகிறார்கள், எந்த ஆண்டு தந்தையின் பெயர் மறைகிறது, எந்த ஆண்டோடு அறிவிப்பே நின்றுபோகிறது என்று ஒரு தாளில் வரிசையாகக் குறித்துக்கொண்டு வாருங்கள், அங்கிருந்து பேசலாம்.