தம்பிக்கு ஏன் தமையனின் அளவுகோல்?

ஒரு முயற்சியில் பெரும்புகழ் பெற்றவருக்கு அடுத்த முயற்சியே கடுஞ்சோதனை. அமெரிக்கப் பாடகர் டான் மெக்லீன் இதற்கொரு சான்று. 1971-இல் வெளியான அவரது ‘அமெரிக்கன் பை’ 8 நிமிடங்களுக்கும் மேல் நீளும் பாடல். எனினும் மக்கள் சலிப்பின்றிக் கேட்டனர். 1972 சனவரியில் அந்நாட்டு விற்பனைப் பட்டியலில் முதலிடம் ஏறி, 4 வாரங்கள் அங்கேயே நிலைத்தது.

அடுத்து வந்தது ‘வின்சென்ட்’. கிட்டார் இசையோடு மெல்ல நடக்கும், ஆரவாரமற்ற பாடல். வின்சென்ட் வான்கோ என்னும் டச்சு ஓவியரைப் பற்றியது. மனநோயால் வாடி, 1889-இல் பிரான்சின் மனநோய் விடுதியொன்றில் தங்கியிருந்தபோதே விண்மீன்கள் சுழலும் இரவை ஓவியமாகத் தீட்டியவர் அவர். மறுஆண்டு, தம் 37-ஆம் வயதில் மறைந்தார். அவர் வாழ்நாளில் விலைபோன ஓவியங்கள் மிகச் சிலவே.

அமெரிக்காவில் இப்பாடல் 12-ஆம் இடத்தோடு நின்றது. முந்திய பாடலோடு ஒப்பிட்டால் சறுக்கல்தான். பிரிட்டனிலோ நிலை வேறு. அங்கே 2-ஆம் இடம் வரையே சென்றது ‘அமெரிக்கன் பை’. ‘வின்சென்ட்’ 1972 மே மாதத்தில் முதலிடமே பெற்றது. பாடல் ஒன்றே; கேட்ட செவிகள்தாம் வேறு.

நம் இல்லங்களிலும் இந்நிலை உண்டன்றோ? “உன் அண்ணன் வாங்கிய மதிப்பெண் எங்கே, நீ எங்கே?” என்று எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! தமையன் முழவென முழங்கலாம். தம்பி குழலென மெல்ல ஒலிக்கலாம். முழவின் ஓசையை எதிர்பார்த்திருக்கும் செவிக்குக் குழலோசை குறையாகவே படும். இன்று மாலை இளையவனை அருகழைத்து, அண்ணன் பெயரை எடுக்காமல் அரைமணி நேரம் அவன் பேச்சைக் கேட்போமா?