சோற்று உருண்டை டோனட் ஆன கதை!

குட்டீஸ், திண்டுக்கல் பிரியாணி பிடிக்குமா? ஒரு தமிழ்ப் படத்தில் கதாநாயகன் சீரகச் சம்பா பிரியாணியை ரசித்துச் சாப்பிடுகிறான். அதே படத்தை வேறு நாட்டில் ஓட்டும்போது, 'ஆஹா, நூடுல்ஸ் பிரமாதம்!' என்று அவனைப் பேச வைத்தால் எப்படி இருக்கும்? கோபம் வருமா, வராதா?

ஜப்பான்காரர்களுக்கு இது நிஜமாகவே நடந்தது. 'போக்கிமான்' கார்ட்டூன், 1998ல் அமெரிக்காவுக்குப் போனது. அதில் வரும் பிள்ளைகள் 'ஒனிகிரி' சாப்பிடுவார்கள். அது சோற்று உருண்டை. நம் ஊர் கட்டுச்சோறு மாதிரி, வெளியே போகும்போது எடுத்துப் போவது. ஆங்கிலத்தில் பேசியவர்களோ, அதை ஜெல்லி வைத்த 'டோனட்' என்று சொல்லி விட்டனர்! சடோஷி என்ற பையனின் பெயரும் 'ஆஷ்' என்று மாறிப்போனது.

அதற்கு முன்பே, ஹயாவோ மியாசகி 1984ல் எடுத்த 'நவுசிகா' படத்தை, 20 நிமிடங்களுக்கு மேல் வெட்டித் தள்ளி, 1985ல் அமெரிக்காவில் வெளியிட்டனர். மனம் நொந்த மியாசகியின் 'கிப்லி' நிறுவனம், 'இனி ஒரு காட்சியைக்கூட வெட்டக் கூடாது' என்று கண்டிப்பாகச் சொல்லி விட்டது. அப்படி வெட்டாமல் காட்டிய அவரது 'ஸ்பிரிட்டட் அவே' என்ன ஆனது தெரியுமா? 2003ல் ஆஸ்கர் விருதையே வாங்கியது! உள்ளது உள்ளபடி காட்டினாலும் குழந்தைகளுக்குப் புரியும் என்பது அப்போது தெரிந்தது.

ஜப்பான்காரர்கள் நம்மை எப்படி நடத்தினார்கள்? 1998ல் ரஜினியின் 'முத்து' படம் டோக்கியோவில் ஓடியபோது, தமிழ் வசனத்தைக் கேட்டபடி, கீழே ஜப்பானிய எழுத்தைப் படித்துத்தான் ரசித்தனர். முத்துவை வேறு பெயருக்கு மாற்றவில்லை.

சரி, நாம் எப்படி? கன்னிவாடியில் ஒரு மாலை, இரவுக் காவல் பார்க்கும் நேபாளக்காரரின் மகன் கடைக்கு வந்தான். தெருப் பையன்கள், 'டேய் சின்சான்!' என்று கத்திச் சிரித்தனர். அவன் வாங்க வந்ததை வாங்காமலே திரும்பி விட்டான். சின்சானின் ஊர் ஜப்பான், இவனுடையது நேபாளம். இரண்டுக்கும் நடுவே எத்தனை தூரம் என்று வரைபடத்தில் பாருங்கள்! தினமும் சின்சான் பார்த்து என்ன பயன்?

சோற்று உருண்டையை டோனட் என்பதும், ஒரு பையனை அவன் பெயர் சொல்லாமல் சின்சான் என்பதும் ஒரே தப்புதான். 'நீ யாராக இருந்தால் எனக்கென்ன' என்பதே இரண்டுக்கும் அர்த்தம்.

கார்ட்டூன் பாருங்கள், தாராளமாகச் சிரியுங்கள். கூடவே, அது எந்த ஊர்க் கதை, அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்றும் கவனியுங்கள். நாளைக்கு அந்தப் பையனைப் பார்த்தால், முதலில் அவன் பெயரைக் கேளுங்கள். பிறகு, விளையாடக் கூப்பிடுங்கள். சரிதானே குட்டீஸ்?