மார்பக அடர்த்தி: சொல்லாமல் விட்டதும் பாதி சொன்னதும்

அமெரிக்காவில் மேமோகிராம் செய்துகொள்ளும் ஒவ்வொரு பெண்ணுக்கும் அதன் முடிவை எளிய மொழியில் கடிதமாக அனுப்ப வேண்டும் என 1998ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. ஆயினும் படத்தைப் பார்த்த மருத்துவர் குறித்துவைத்த ஒரு செய்தி, நெடுங்காலம் அக்கடிதத்தில் கட்டாயமாக்கப்படவில்லை. அப்பெண்ணின் மார்பகத் திசு எவ்வளவு அடர்த்தியானது என்பதே அச்செய்தி. மருத்துவரிடமிருந்து மருத்துவருக்குச் செல்லும் அறிக்கையில் அது இருந்தது. உடலுக்கு உரியவளின் கைக்கு வரவில்லை. 2024 செப்டம்பர் 10 முதல் அதைச் சொல்வது அந்நாடு முழுவதும் கட்டாயம். யாருக்கு எதைச் சொல்வது, எந்தச் சொற்களில் சொல்வது என்பது இதன் மையக் கேள்வியாதலால், மொழியில் அக்கறை கொண்ட நாம் இதை வெறும் மருத்துவச் செய்தியாகக் கடந்துவிட முடியாது.

மார்பகத்தில் கொழுப்பைவிடச் சுரப்பித் திசுவும் நார்த்திசுவும் மிகுந்திருப்பதையே அடர்த்தி என்கிறார்கள். தொட்டு அறியக்கூடியதன்று இது. படத்தில் மட்டுமே தெரியும். கொழுப்பு படத்தில் கருமையாகவும், அடர்ந்த திசு வெண்மையாகவும் விழுகிறது. புற்றுக்கட்டியும் வெண்மையாகவே விழுகிறது. சுண்ணாம்பு பூசிய சுவரில் வெண்பொட்டைத் தேடும் வேலைதான். அன்றியும், அடர்த்தி புற்றுநோய் வாய்ப்பையே ஓரளவு கூட்டுகிறது. எனினும் இது நோயன்று; நாற்பது வயதைக் கடந்த பெண்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இருக்கும் இயல்பு.

கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த நான்சி கப்பெல்லோவுக்கு மேமோகிராம் முடிவு இயல்பானது என்றே வந்தது. சில வாரங்களில், 2004இல், முற்றிய புற்றுநோய் இருப்பது தெரிந்தது. நிணநீர்க்கணுக்களுக்கும் அது பரவியிருந்தது. தமது திசு அடர்த்தியானது என்பதை அதன் பிறகே அவர் அறிந்தார். இதைச் சொல்வது வழக்கமில்லை என்பதே அவருக்குக் கிடைத்த விடை. அந்த விடையை ஏற்க மறுத்து அவர் போராடியதன் பயனாக 2009இல் கனெக்டிகட், அடர்த்தியைத் தெரிவிக்கும் சட்டத்தை முதன்முதலாக இயற்றியது. 30க்கும் மேற்பட்ட மாநிலங்கள் பின்தொடர்ந்தன. கப்பெல்லோ 2018இல் மறைந்தார். நாடு முழுவதற்குமான விதி 2023இல்தான் இறுதி வடிவம் பெற்றது.

சொன்னால் பெண்கள் அஞ்சுவார்கள், தேவையற்ற சோதனைகள் பெருகும் என்பது மறுதரப்பு வாதம். அதன் இரண்டாம் பாதியை நாம் மதிக்கிறோம், முதற்பாதியை ஏற்பதற்கில்லை. அச்சத்திலிருந்து காப்பதாகச் சொல்லிக்கொண்டு ஒருவரது உடலைப் பற்றிய செய்தியை அவரிடமிருந்தே மறைப்பது, அவரைக் குழந்தையாக நடத்துவதாகும்.

அதே வேளையில், இப்போது சொல்லப்படுவதும் பாதியே. அடர்த்திக்கு நான்கு படிநிலைகள் உண்டு. கடைசிப் படியான மிகை அடர்த்தி ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கே இருப்பது. மூன்றாம் படியில் பத்தில் நால்வர். பெண்ணுக்கு வரும் கட்டாய வாசகமோ 'அடர்த்தியானது', 'அடர்த்தியானதன்று' என்ற இரண்டே பெட்டிகளில் அனைவரையும் அடைக்கிறது. நெதர்லாந்தில் மிகை அடர்த்தியுள்ள பெண்களிடையே நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், எம்ஆர்ஐ சோதனைக்கு அழைக்கப்பட்டவர்களுக்கு இரு மேமோகிராம்களுக்கு இடையில் வெளிப்பட்ட புற்றுநோய் ஆயிரத்துக்கு 2.5, அழைக்கப்படாதவர்களுக்கு 5. ஆனால் சோதனை செய்துகொண்ட ஆயிரம் பேரில் ஏறத்தாழ 80 பேர், புற்றுநோய் இல்லாமலேயே மேற்சோதனைகளுக்கு உள்ளாயினர். மேமோகிராமில் ஒன்றும் தென்படாத நிலையில் அடர்த்திக்காக மட்டும் கூடுதல் சோதனையைப் பரிந்துரைக்கவோ மறுக்கவோ சான்று போதாது என்று அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2024இல் கூறியது.

இவ்வளவையும் ஒரு கடிதத்தில் அடக்கவியலாது என்பது உண்மையே. ஆயினும் எந்தப் படிநிலை, அது எத்தனை பேருக்கு உள்ளது, கூடுதல் சோதனையால் வரும் நன்மையும் தொல்லையும் யாவை என நான்கு வரிகள் எழுதலாம். மருத்துவரிடம் பேசுங்கள் என்று முடிக்கும் கடிதம், பேசுவதற்கு மருத்துவரோ, சோதனைக்குப் பணமோ இல்லாதவளுக்குக் கவலையை மட்டுமே அனுப்பிவைக்கிறது. அச்செலவை யார் ஏற்பது என்பதை அந்த விதி வகுக்கவில்லை. சொல்ல வேண்டும் என்ற வழக்கு வென்றுவிட்டது. விளங்கும்படி சொல்ல வேண்டும் என்ற வழக்கை இனித்தான் நடத்தவேண்டியிருக்கிறது.