எடுக்க முடியாத டெபாசிட்

திருச்சியில் நாலு பேர் சேர்ந்து "இந்த ஊர்ல என்னதான்யா இருக்கு?" என்று பேச ஆரம்பித்தால் மலைக்கோட்டை, முக்கொம்பு, கல்லணை, ஸ்ரீரங்கம், சமயபுரம் எல்லாம் வரிசையாக வந்து, கடைசியில் ஒருவர் "ஒரு ஜூ கூட இல்லையேப்பா" என்று முடிப்பார். மண்ணச்சநல்லூர்க்காரர்களுக்கு இந்தக் குறையில் கொஞ்சம் கூடுதல் உரிமை உண்டு. சமயபுரம் தாண்டி, சிறுகனூர் பக்கம் இருக்கும் எம்.ஆர்.பாளையம் காப்புக்காட்டில்தான் உயிரியல் பூங்கா வரப்போகிறது என்று ஒரு காலத்தில் திட்டம் போட்டார்கள். அது வரவில்லை. அதே காட்டில் 2019ல் யானைகள் மறுவாழ்வு மையம் வந்தது. ஜூ கேட்பவர்கள் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

எதற்கு ஜூ என்று கேட்டால் இரண்டு பதில் கிடைக்கும். ஒன்று, "பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக ஒரு இடம் வேண்டாமா?" இது நேர்மையான பதில். இதோடு யாருக்கும் சண்டை இல்லை. கம்பரசம்பேட்டையில் 2025ல் திறந்த பறவைகள் பூங்காவும் இந்தக் கணக்குதான். ஐந்திணை நிலம் என்று அமைத்து, உள்ளே வெளிநாட்டுக் கிளிகளை விட்டிருக்கிறார்கள். (குறிஞ்சியில் மக்கா கிளி இருந்ததாக எந்தத் தமிழாசிரியரும் சொல்லித் தரவில்லை. போகட்டும்.) பொழுதுபோக்கு என்று பெயர் சொல்லிச் செய்கிற பொழுதுபோக்கில் தப்பு ஒன்றும் இல்லை.

தகராறு இரண்டாவது பதிலில்தான். "அழிந்து வரும் உயிரினங்களைக் காப்பாற்றலாம். கூண்டில் வைத்து இனப்பெருக்கம் செய்து பெருக்கலாம்." இதைச் சொல்லும்போது சொல்பவர் முகத்தில் ஒரு புண்ணியம் செய்த களை வந்துவிடும். டிக்கெட் வாங்கி உள்ளே போகிறவரும் தன் பங்குக்கு ஒரு புலியைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டு ஐஸ்கிரீம் சாப்பிடுவார். இந்த இரண்டாவது பதில் எவ்வளவு தூரம் உண்மை? இதைச் சோதிக்க வேறு நாட்டுக்குப் போக வேண்டியதில்லை. சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகிற வழியில் வடநெம்மேலி வரை போனால் போதும்.

அங்கே இருப்பது முதலைப் பண்ணை. அதன் சரியான பெயர் 'சென்னை முதலை வங்கி'. ரோமுலஸ் விட்டேகரும் அவர் கூட்டாளிகளும் 1976ல் தொடங்கியது. தோலுக்காகச் சுட்டுச் சுட்டு இந்தியாவில் முதலைகள் ஏறக்குறைய தீர்ந்துபோயிருந்த நேரம் அது. 1972ல் வனவிலங்குச் சட்டம், 1975ல் மத்திய அரசின் முதலைத் திட்டம், அடுத்த வருடம் இந்த வங்கி. வங்கி என்று பெயர் வைத்ததே ஒரு கணக்கோடுதான். இப்போது டெபாசிட் போடுவோம், பெருக்குவோம், ஆறுகளும் ஏரிகளும் தயாராக இருக்கும்போது எடுத்துக் கொடுப்போம். காமர்ஸ் படிக்கிற யாருக்கும் புரிகிற திட்டம்.

முதல் பாதி அமோகமாக நடந்தது. சதுப்பு முதலை ஒரு தடவைக்கு இருபத்தைந்து, முப்பது முட்டை போடும். பண்ணையில் நல்ல சாப்பாடு கிடைத்ததும் சில பெட்டை முதலைகள் வருடத்துக்கு இரண்டு தடவை முட்டையிட்டன! குட்டிகள் ஆயிரக்கணக்கில் பெருகின. இங்கிருந்து முதலைகளும் முட்டைகளும் பல மாநில வனத்துறைகளுக்குப் போயின. சில இடங்களில் பலனும் கிடைத்தது. அமராவதி அணையில் இன்று முதலை இருக்கிறதென்றால் அந்தக் காலத்து உழைப்புக்கும் அதில் பங்கு உண்டு. இதை மறைத்துவிட்டு ஜூவைத் திட்டினால் அது வாதம் ஆகாது, வெறும் வாய்ச்சவடால்.

இரண்டாவது பாதியில்தான் கணக்கு உதைத்தது. 1990களில் காட்டில் விடுவது நின்றுபோனது. விட இடம் இல்லை. இருக்கிற ஏரி, குளம், ஆறு எல்லாவற்றிலும் மனிதர்கள் குளிக்கிறார்கள், மாடு கழுவுகிறார்கள், மீன் பிடிக்கிறார்கள், மணல் அள்ளுகிறார்கள். எந்த மாவட்ட நிர்வாகம் "எங்க ஏரிக்கு ஐம்பது முதலை அனுப்புங்க" என்று மனு போடும்? ஆனால் முதலைக்கு இந்த அரசாணை எல்லாம் தெரியாதே. அது முட்டை போட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில், இனத்தைப் பெருக்கத் தொடங்கிய அதே இடத்தில் முட்டைகளைப் பொரிக்க விடாமல் அழிக்க வேண்டிய நிலை வந்தது. இடம் பற்றாமல் ஆயிரம் முதலைகளை குஜராத்தில் ஜாம்நகரில் உள்ள ஒரு தனியார் மையத்துக்கு அனுப்ப ஏற்பாடானது. மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் அனுமதி தந்தது. அதை எதிர்த்து வழக்கு போட்டார்கள். 2022 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. ஆக, கூண்டிலிருந்து கிளம்பிய முதலை போய்ச் சேர்ந்தது இன்னொரு கூண்டுக்கு. ஆற்றுக்கு இல்லை.

இதில் வங்கியின் தப்பு எதுவும் இல்லை. டெபாசிட் போட்டவர்கள் ஒழுங்காகப் போட்டார்கள். பணம் எடுக்கும் ஜன்னலை மூடியது வெளியே இருந்தவர்கள். மிருகக்காட்சிசாலைக்காரர்கள் "இத்தனை குட்டி பிறந்தது" என்று பெருமையாக அறிவிக்கும்போதெல்லாம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: பிறந்தது சரி, எத்தனை திரும்பிப் போனது? க்ளோசிங் ஸ்டாக்கை மட்டும் காட்டி லாபம் என்று சொன்னால் முதல் வருட மாணவனுக்கே மார்க் கிடைக்காது. விற்காத சரக்கு கோடவுனில் மலை மாதிரி கிடப்பதற்குப் பெயர் லாபமா?

சரி, அப்படியே திரும்பக் கொண்டுபோய் விட்டாலும் போதுமா? வட இந்தியாவின் கரியல் முதலையைப் பாருங்கள். நீண்ட மூக்கு, மீன் தின்னி, மனிதனை ஒன்றும் செய்யாது. 1970களில் இருநூறு கூட இல்லை என்ற நிலை. ஆற்றங்கரையில் முட்டை எடுத்து, பொரிக்க வைத்து, வளர்த்து, ஆயிரக்கணக்கில் ஆறுகளில் விட்டார்கள். அப்படியும் 2007ல் உலகளவில் அது 'மிக ஆபத்தான நிலை' என்ற பட்டியலுக்குப் போனது. அதே குளிர்காலத்தில் சம்பல் ஆற்றில் நூற்றுக்கும் மேல் செத்து மிதந்தன. அணை அப்படியே, மணல் லாரி அப்படியே, மீன் வலை அப்படியே. ஓட்டை அண்டாவில் எத்தனை குடம் ஊற்றினால் என்ன?

உண்மையான வங்கி எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு உதாரணம் டெல்டாவிலேயே இருக்கிறது. மண்ணச்சநல்லூர் என்றாலே அரிசி ஆலை, பொன்னி அரிசி என்பது ஊருக்கே தெரியும். அந்த அரிசிக்குப் பின்னால் காணாமல் போன பழைய நெல் ரகங்கள் எத்தனையோ. திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் அவற்றைத் தேடித் தேடிச் சேர்த்தார். 2018ல் அவர் இறந்தபோது மீட்ட ரகங்கள் 174. ஒவ்வொரு வருடமும் நெல் திருவிழா நடத்தி விவசாயிக்கு இரண்டு கிலோ விதை கொடுப்பார். அடுத்த வருடம் நாலு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். நூறு சதவிகித வட்டி! எந்த பேங்க் கொடுக்கும்? ஆனால் அந்த விதை பெட்டியில் தூங்கவில்லை. வயலில் மழை, வறட்சி, பூச்சி எல்லாம் பார்த்துத் திரும்பியது. கண்ணாடிப் புட்டியில் போட்டு லேபிள் ஒட்டியிருந்தால் 174 புட்டிதான் மிஞ்சியிருக்கும்.

இந்த இடத்தில் எதிர்த்தரப்பு சும்மா இருக்காது. "கலிபோர்னியா காண்டோர் தெரியுமா? அரேபிய ஓரிக்ஸ் தெரியுமா?" என்று வரும். தெரியும். ஓரிக்ஸ் மான் 1972ல் பாலைவனத்தில் கடைசியாகச் சுடப்பட்டு, கூண்டில் பிழைத்த மந்தையிலிருந்து 1982ல் ஓமனில் திரும்ப விடப்பட்டது. காண்டோர் கழுகு 1987ல் உலகத்திலேயே 27தான். எல்லாவற்றையும் பிடித்துக் கூண்டில் வைத்துப் பெருக்கி, இன்று ஐந்நூறுக்கு மேல். இரண்டும் நிஜ வெற்றி. கூண்டு இல்லையென்றால் இரண்டுமே இன்று படத்தில்தான். ஆனால் காண்டோர் கதையின் பின்பாதியை யாரும் சொல்வதில்லை. வெளியே விட்ட காண்டோர்களை அதிகம் கொல்வது வேட்டைக்காரர் சுட்டுப்போட்ட விலங்கின் உடலில் இருக்கும் ஈயக்குண்டு. கலிபோர்னியா முழுக்க ஈயத் தோட்டாவுக்குத் தடை வந்ததே 2019ல்தான். அதுவரை ஒரு கையால் பறவையை விட்டு, இன்னொரு கையால் விஷத்தை வைத்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தியாவில் இதே கதைக்குப் பெயர் பாறு. பிணந்தின்னிக் கழுகு என்று திட்டுவோமே, அதுதான். 1990களில் வெண்முதுகுப் பாறுகள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது செத்தன. காரணம் 2004ல் வெளிவந்தது. மாட்டுக்குப் போடும் வலி மருந்து டைக்ளோஃபினாக். மருந்து போட்ட மாடு செத்து, அதைத் தின்ற கழுகின் சிறுநீரகம் கெட்டு, அதுவும் சாகும். ஹரியானாவில் பின்ஜோரில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இனப்பெருக்க மையம் நடத்துகிறது. நல்ல வேலை. ஆனால் பாறு வருடத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் போடும். ஒரு மருந்துக்கடையில் ஒரு பெட்டி தப்பான மருந்து விற்றால் பத்து வருடக் கூண்டு உழைப்பு ஒரு மாட்டோடு போய்விடும். மாட்டு மருந்தாக டைக்ளோஃபினாக்கை 2006ல் தடை செய்தார்கள். மனிதருக்கான பெரிய புட்டியை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். 2015ல் புட்டியைச் சின்னதாக்கினார்கள். உடனே வேறு மருந்துகள். அசெக்ளோஃபினாக், கீட்டோபுரோஃபென் இரண்டுக்கும் 2023ல்தான் தடை வந்தது. மெலாக்சிகாம் என்ற பாதுகாப்பான மருந்து இத்தனை வருடமும் கடையிலேயே இருந்தது என்பதுதான் வயிற்றெரிச்சல். நீலகிரிக்குக் கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்கில் ஆற்றோர நீர்மருது மரங்களில் பாறுகள் இன்னும் கூடு கட்டுகின்றன. அவற்றுக்குத் தேவை கூண்டு இல்லை, கால்நடை மருத்துவரின் ஒழுங்கான மருந்துச் சீட்டு.

சிங்கவால் குரங்கு வண்டலூரில் குட்டி போடுகிறது. சந்தோஷம். வால்பாறையில் அதே குரங்கு தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே துண்டு துண்டாகக் கிடக்கும் காட்டில், ரோட்டைக் கடக்கும்போது வண்டியில் அடிபடுகிறது. அங்கே மரத்துக்கு மரம் கயிற்றுப் பாலம் மாதிரி கட்டிவிட்டார்கள். குரங்குகள் அதில் ஏறிப் போகின்றன. யாரும் டிக்கெட் எடுத்து அதைப் பார்க்க வருவதில்லை. அதனால் அதற்கு வளைவும் கிடையாது, அமைச்சர் ரிப்பன் வெட்டுவதும் கிடையாது.

மனிதன் வளர்த்த மிருகம் காட்டுக்குத் திரும்புவது எவ்வளவு கஷ்டம் என்பது மண்ணச்சநல்லூர் வட்டத்துக்கே தெரிந்த கதை. மசினி. மசினகுடிப் பக்கம் தாயைப் பிரிந்து கிடைத்த குட்டி. தெப்பக்காடு முகாமில் வளர்ந்தது. பிறகு சமயபுரம் கோயிலுக்கு வந்தது. 2018 மே மாதம் கோயிலுக்குள்ளேயே, பக்தர்கள் பார்க்க, தன் பாகனை மிதித்துக் கொன்றது. நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு மறுபடி முதுமலை முகாமுக்கே போனது. காட்டுக்கு இல்லை, முகாமுக்கு. எம்.ஆர்.பாளையத்தில் இருக்கும் யானைகளும் அப்படித்தான். அவற்றை நல்லபடியாக வைத்திருப்பது நியாயம், கருணை, எல்லாம் சரி. ஆனால் அதற்குப் பெயர் யானை இனத்தைக் காப்பாற்றுவது கிடையாது.

திருச்சியில் ஒருவர் சரியாகச் செய்ததும் உண்டு. ஸ்ரீரங்கம் பக்கம் மேலூரில் 2015ல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்கா. அங்கேயும் வலைக்கூடம் இருக்கிறது, புழு வளர்க்கும் கூடம் இருக்கிறது. ஆனால் பூங்காவின் உயிர் அதில் இல்லை. புழு தின்னும் செடியையும் பூச்சி தேன் குடிக்கும் செடியையும் திறந்தவெளியில் நட்டார்கள். எருக்கு இருந்தால் வெந்தய வரியன் வரும். கறிவேப்பிலையும் எலுமிச்சையும் இருந்தால் கறிவேப்பிலை அழகி வரும். பூச்சியைப் பிடித்துக்கொண்டு வந்து அடைக்கவில்லை. சாப்பாட்டைப் போட்டார்கள், அது தானாக வந்தது. கதவு எந்தப் பக்கமும் திறந்திருக்கிறது.

இதையே கொஞ்சம் பெரிதாக யோசித்தால் என்ன? மண்ணச்சநல்லூருக்குத் தெற்கே கொள்ளிடம் போகிறது. அதே கொள்ளிடத்தில் கீழே அணைக்கரையிலும் சிதம்பரம் பக்கமும் சதுப்பு முதலைகள் இன்றும் வாழ்கின்றன. யாரும் கூண்டில் வளர்த்துக் கொடுக்காமல், யாரும் விளம்பரம் செய்யாமல். அவை முட்டையிடக் கரை வேண்டும், மணல் வேண்டும், கோடையில் ஒதுங்க நாலு ஆழமான மடு வேண்டும். கரையோர ஊர்க்காரர்கள் ஆடு மாடு இழந்தால் அலைய விடாமல் உடனே நஷ்டஈடு வேண்டும். குளிக்கும் துறைக்குக் கம்பித் தடுப்பு வேண்டும். இதெல்லாம் ஒரு ஜூவின் வாசல் வளைவைவிட அதிகம் செலவு பிடிக்குமா என்று ஜூ கேட்பவர்கள்தான் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும்.

அப்படியும் ஜூதான் வேண்டும் என்றால் கட்டட்டும். வாசலில் வைக்கிற போர்டில் விலங்கின் பெயருக்குக் கீழே 'அரிய வகை, பாதுகாக்கப்படுகிறது' என்று எழுதுவதற்கு முன்னால் இரண்டு பத்தி போட்டுவிடட்டும். இடது பக்கம், இந்த வருடம் இங்கே பிறந்தது. வலது பக்கம், இந்த வருடம் காட்டுக்குப் போனது. வலது பக்கம் வருடா வருடம் பூஜ்யமாகவே இருந்தால், நுழைவுச்சீட்டில் 'கேளிக்கை' என்று அச்சடித்துவிட்டால் போதும்.