மாயன் மாதமும் மாசி மகமும்

நோணாங்குப்பத்தில் எந்த டீக்கடைக்குள் நுழைந்தாலும் சுவரில் ஒரு தினசரி காலண்டர் தொங்கும். கடைக்காரர் காலையில் முதல் வேலையாக நேற்றைய தாளைக் கிழிப்பார். டீ வருவதற்குள் நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள். ராகு காலம் எப்போ? எமகண்டம் எப்போ? ராசிபலன் என்ன? அதே தாளில் தமிழ் மாதத்தின் பெயரும் அன்றைய நட்சத்திரமும் அச்சாகியிருக்கும். அந்த இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் மட்டும் கடை அமைதியாகிவிடும்.

ஆனால் மாயன் காலண்டர் என்று ஆரம்பித்துப் பாருங்கள், கதை கதையாக வரும்! 2012 டிசம்பர் 21-ல் உலகம் அழியும் என்று கிளம்பிய புரளிதான் காரணம். உலகம் அழியவில்லை, ஆர்வம் மட்டும் ஒட்டிக்கொண்டது. மாயன் மாதக் குறியீடுகளுக்குள் நட்சத்திர ரகசியம் ஒளிந்திருக்கிறது என்று இன்றைக்கும் படம் போட்டு விளக்குகிறவர்கள் உண்டு.

அந்த ரகசியத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாயன்களின் 'ஹாப்' வருடத்தில் 20 நாள் கொண்ட 18 மாதங்கள், கடைசியில் 'வாயெப்' என்ற 5 நாள். மொத்தம் 365. ஒவ்வொரு மாதத்துக்கும் ஓர் உருவம் உண்டு. 'சோட்ஸ்' மாதத்துக்கு வௌவால் தலை. ஆனால் லீப் வருடம் கிடையாது. அதனால் நாலு வருடத்துக்கு ஒரு நாள் வீதம் மாதம் நழுவிக்கொண்டே போகும். வௌவால் மாதத்தில் உதித்த நட்சத்திரம், நூறு வருடம் கழித்து அடுத்த மாதத்தில்தான் உதிக்கும். ஆக, மாதமும் நட்சத்திரமும் நிரந்தரமாகக் கைகோத்து நடக்க அங்கே வழியே இல்லை.

மாயன்கள் வானம் பார்க்காதவர்கள் என்று அர்த்தமில்லை. டிரெஸ்டன் சுவடியில் வெள்ளிக் கிரகத்துக்கு 584 நாள் சுற்று போட்டு, 5 சுற்று சேர்ந்தால் சரியாக 8 ஹாப் வருடம், அதாவது 2,920 நாள், என்று கணித்து வைத்தவர்கள் அவர்கள். 1562-ல் மானி என்ற ஊரில் தியேகோ தெ லாண்டா என்ற ஸ்பானியப் பாதிரியார் அவர்கள் சுவடிகளைக் குவித்து எரித்தார். இன்று உலகில் மிஞ்சியிருப்பவை நாலே நாலு.

தமிழ் மாதங்களின் சங்கதி வேறு. இங்கே பெயரே நட்சத்திரம்தான். சூரியன் எந்த நட்சத்திரத்தோடு நிற்கிறது என்று பகலில் பார்க்க முடியாது, வெளிச்சம் மறைத்துவிடும். ஆனால் பௌர்ணமி அன்று நிலா சூரியனுக்கு நேர் எதிரே நிற்கும். நிலா எந்த நட்சத்திரத்தின் அருகில் தெரிகிறதோ, அதற்கு எதிர்ப்பக்கம் சூரியன். ஆக, பௌர்ணமி நிலாதான் வருடத்தின் கடிகார முள். முள் சித்திரையைத் தொட்டால் சித்திரை மாதம். விசாகத்தைத் தொட்டால் வைகாசி. கார்த்திகையைத் தொட்டால் கார்த்திகை. பூசத்துக்கு வந்தால் தை, மகத்துக்கு வந்தால் மாசி, உத்திரத்துக்கு வந்தால் பங்குனி. வைகாசி விசாகம், தைப்பூசம், மாசி மகம், பங்குனி உத்திரம் எல்லாம் அந்த முள் மணி அடிக்கும் நாட்கள்! சில வருடம் பௌர்ணமியும் நட்சத்திரமும் ஒரு நாள் முன்பின்னாகும், அவ்வளவுதான்.

புதுச்சேரிக்கு இந்த விஷயத்தில் தனிப் பெருமையே உண்டு. சூரியனை வெள்ளி கடப்பதைப் பார்க்க வந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ழாந்தீல், 1769 ஜூன் மாதம் புதுச்சேரியில் மேகம் மறைத்து ஏமாந்தார். ஆனால் வெறுங்கையோடு திரும்பவில்லை. கிரகணம் கணிக்கும் முறையை இங்கே ஒரு தமிழரிடம் கற்றார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் நீடித்த நேரத்தைத் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைத்துச் சொன்னது. ஐரோப்பாவின் மேயர் அட்டவணையோ 68 விநாடி கூட்டிச் சொன்னது. எது நெருக்கம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

1825-ல் ஜான் வாரன் இதே புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக் கணிதரைப் பார்த்தார். அவர் தரையில் சோழிகளை அடுக்கி, மனப்பாடமான வாக்கியங்களை வைத்தே வரப்போகும் சந்திர கிரகணத்தைக் கணித்தார். தொடக்கத்தில் பிழை 4 நிமிடம், முடிவில் 52 நிமிடம். காகிதமே இல்லாமல் இது சாதனை. ஆனால் அந்தக் கணக்கு ஏன் அப்படிப் போகிறது என்கிற கோட்பாடு அவருக்குத் தெரியாது என்றும் வாரன் எழுதி வைத்தார்.

சறுக்கல் அங்கேதான் தெரிகிறது. கணக்கு தலைமுறை தாண்டி வந்தது, காரணம் வழியிலேயே தங்கிவிட்டது. பலனை இன்றும் பார்க்கலாம். திருக்கணிதப் பஞ்சாங்கப்படி 2023 ஜனவரி 17-ல் சனிப்பெயர்ச்சி. வாக்கியப் பஞ்சாங்கப்படி திருநள்ளாறில் கொண்டாடியது 2023 டிசம்பர் 20-ல். ஒரே சனி, பதினோரு மாத வித்தியாசம்! எந்தக் கோயிலுக்கு எப்போது போவது என்று விவாதித்தவர்கள் ஏராளம். சனி அன்றிரவு வானத்தில் எங்கே இருக்கிறது என்று மாடிக்குப் போய்ப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

'இதெல்லாம் ஜோசியம், மூடநம்பிக்கை, விட்டுத் தள்ளுங்கள்' என்று சொல்லும் நண்பர்களும் உண்டு. ஜோசியத்தை விடுவது அவரவர் இஷ்டம். ஆனால் நட்சத்திரத்தைப் பார்ப்பது ஜோசியம் இல்லை. ஜோசியத்தை ஒதுக்குகிற வேகத்தில் வானத்தையும் சேர்த்து ஜோசியருக்கே எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்பதுதான் வருத்தம். மாயன் சுவடிகளை எரிக்க ஒரு லாண்டா தேவைப்பட்டார். இங்கே யாரும் எதையும் எரிக்கவில்லை. தினமும் ஒரு தாளாகக் கிழித்து, மேலே பார்க்காமலேயே போய்விட்டது.

திருத்துவதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. பள்ளிக்கூடங்கள் மாதம் ஒரு பௌர்ணமி இரவு, பிள்ளைகளை மொட்டை மாடிக்கு அழைத்துப் போனால் போதும். டெலஸ்கோப் வேண்டாம். கார்த்திகையின் ஆறு மீன் நிலா வெளிச்சத்தில் மங்கிப் போகலாம்; சித்திரையும் மகமும் நிலாவுக்கு அருகிலும் தாக்குப்பிடிக்கும். வருடத்துக்குப் பன்னிரண்டு இரவு. மாதப் பெயர்களை மனப்பாடம் செய்யவே தேவையிருக்காது.

மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரையில் சுற்று வட்டாரத்து சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்கு வந்து நிற்கும். கூட்டம் முழுக்க சாமியைப் பார்க்கும், கடலைப் பார்க்கும். அன்று பொழுது சாயும்போது நோணாங்குப்பம் பாலத்தில் வண்டியை ஓரங்கட்டி, சுண்ணாம்பாறு கடலுக்குப் போகும் கிழக்குத் திசையைப் பாருங்கள். முழு நிலா எழும். நன்றாக இருட்டியதும் அதன் பக்கத்தில் வெள்ளையாக ஒரு நட்சத்திரம் தெரியும்.

அதுதான் மகம். அன்றைய காலண்டர் தாளில் அச்சாகியிருந்த அதே பெயர்.