இன்றைய அப்பமா, நாளைய அப்பமா?



இயேசு கற்றுத்தந்த ஜெபத்தில் உணவு கேட்கும் வரியைப் பழைய தமிழ் வேதாகமம் ‘வேண்டிய ஆகாரம்’ என்று சொல்கிறது. கத்தோலிக்க வீடுகளில் ‘அனுதின உணவு’ என்று ஜெபிப்பார்கள். இரண்டும் வேறு வேறு பொருள். ஆனால் மூலத்தில் இருப்பது ‘எபியூசியோஸ்’ என்ற ஒரே கிரேக்கச் சொல்தான்.

வேதாகமத்தில் அது மத்தேயு 6:11, லூக்கா 11:3 ஆகிய இரண்டே இடங்களில் வருகிறது. இரண்டிலும் அப்பத்துக்கு அடைமொழியாக, ‘எபியூசியோன்’ என்ற இரண்டாம் வேற்றுமை வடிவத்தில். கிரேக்கத்திலேயே எழுதிய ஓரிகன், மூன்றாம் நூற்றாண்டிலேயே, இது புலவர் எழுத்திலும் இல்லை, மக்கள் பேச்சிலும் இல்லை, நற்செய்தியாளர்களே ஆக்கிய சொல்லாகத் தெரிகிறது என்றார். லத்தீனில் பெயர்த்த ஜெரோம், லூக்காவில் ‘அன்றாட’ என்று வைத்தார். மத்தேயுவிலோ ‘இயல்பைக் கடந்த’ அப்பம் என்றார். ஒரே மனிதர், ஒரே சொல், இரண்டு பதில்கள்!

1889-இல் ஒரு நம்பிக்கை பிறந்தது. எகிப்தின் ஹவாராவில் கிடைத்த பாப்பிரஸ் ஒன்றை அறிஞர் சேய்ஸ் படித்து வெளியிட்டார். சாதாரண வீட்டுச் செலவுக் கணக்கு. அதில் அரைகுறையாக நின்ற ஒரு சொல்லை ‘எபியூசி...’ என்று அவர் வாசித்திருந்தார். அப்படியானால் இது தினப்படியைக் குறிக்கும் சந்தைச் சொல்தான் என்று பலரும் மகிழ்ந்தார்கள். பிறகு அந்தத் துண்டே காணாமல் போயிற்று. 1998-இல் யேல் பல்கலைக்கழக நூலகத்தில் அது அகப்பட்டது. மறுபடி கூர்ந்து படித்தபோது, அங்கே எழுதியிருந்தது ‘எலாயூ’, அதாவது எண்ணெய்!

ஆகவே சொல்லின் வேரைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. ‘ஊசியா’, அதாவது இருப்பு, என்பதிலிருந்து பிரித்தால் ‘வாழத் தேவையான’ என்று வரும். எனக்குப் பிடித்தது இன்னொன்று. அப்போஸ்தலர் நடபடிகளில் ‘எபியூசா’ என்றால் மறுநாள். எபிரேயர் நற்செய்தி என்ற நூலில் இந்த இடத்தில் ‘மாஹார்’, அதாவது ‘நாளை’, என்று இருந்ததாக ஜெரோமும் குறித்திருக்கிறார். மத்தேயு 20-இல் திராட்சைத் தோட்டத்துக் கூலிகளுக்குச் சாயங்காலம்தான் ஒரு தெனாரியம் கையில் விழுகிறது. அந்தக் காசில் வாங்குவது இரவுக்கும் மறுநாள் காலைக்கும்தான். அப்படிப்பட்டவர் ‘நாளைக்கான அப்பத்தை இன்றே தாரும்’ என்று கேட்டால், அது பேராசையாக எனக்குத் தோன்றவில்லை; பிள்ளைகள் நிம்மதியாகத் தூங்கட்டும் என்ற வேண்டுதலாகவே தோன்றுகிறது.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் இந்த வரியை எந்தச் சொல்லால் ஜெபித்தார்கள்? கேட்டு எழுதுங்கள், வரும் இதழ்களில் வெளியிட ஆவலாக இருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்